கியர் வியர்ப்பது ஏன்?

கேள்வி: ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில், இன்ஸ்பெக்‌ஷன் ரூமில் வேலை பார்க்கிறேன். அளந்து வெளியே வைத்த கியர்கள் நனைந்து, மறுநாள் துருப்பிடிக்கின்றன. ஈரக் கையால் தொட்டேன் என்கிறார்கள். ரிப்போர்ட்டில் ‘கண்டென்சேஷன்’ என்று எழுதியிருக்கிறது. எனக்குத் தெரிந்தது ஃபேன் கண்டென்சர்தான். இந்தச் சொல்லால் வேலை போய்விடுமா?
– எஸ்.கே., சிங்கப்பெருமாள் கோவில்.

பதில்: பயப்படாதீர்கள் தம்பி. அந்தச் சொல்லே உங்களுக்குச் சாட்சி. காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் நீராவி, குளிர்ந்த பரப்பில் பட்டதும் நீராவதுதான் கண்டென்சேஷன் (ஆவி சுருங்குதல்). ஐஸ் போட்ட டம்ளருக்கு வெளியே துளிர்க்கும் நீரும் அதுவே. அதை யாரும் ஈரக் கையால் தடவுவதில்லை.

துல்லிய அளவீட்டுக்கு 20 டிகிரி செல்சியஸ் என்பது உலகம் முழுவதும் ஏற்ற வெப்பநிலை. உங்கள் அறையும் அப்படித்தான் இருக்கும். கியரும் அந்தக் குளிர்ச்சிக்கு வந்துவிடும். ஐப்பசி மழையில் வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்றின் டியூ பாயிண்ட் (பனிநிலை; ஆவி நீராகத் தொடங்கும் வெப்பநிலை) ஏறக்குறைய 24 டிகிரி. கியரோ அதற்கும் கீழே. வெளியே வந்ததும் வியர்க்கத்தான் செய்யும். அந்தக் காற்றில் ஒரு கனமீட்டரை 20 டிகிரிக்குக் குளிர்வித்தால், நாலரை கிராம் நீர் பிரியும். துருவுக்கு அதில் ஒரு துளியே போதும்.

உங்கள் குழப்பமும் நியாயமானது. ஃபேன் கண்டென்சருக்கும் (மின்தேக்கி) நீராவிக்கும் சம்பந்தமில்லை. 1782-இல் வோல்ட்டா, மின்னூட்டத்தை நெருக்கிச் சேர்க்கும் கருவி என்ற பொருளில் வைத்த பெயர், நம் எலக்ட்ரிக்கல் கடைகளில் இன்றும் நிற்கிறது. வாயுவைத் திரவமாக்கும் கண்டென்சர், ஏசியின் வெளி யூனிட்டில் இருப்பது. கண்டென்சேஷனை இலங்கைத் தமிழில் ‘ஒடுங்கல்’ என்பார்கள். எனக்குப் பிடித்த சொல். ஆனால் நம் வேதியியல் பாடத்தில் ‘ஒடுக்கம்’ வேறு வினை என்பதால் இங்கே தவிர்க்கிறேன்.

இனிமேல், குளிர் அறைக்குள்ளேயே கியரை விசிஐ கவரில் (துரு தடுக்கும் உறை) போட்டு, வாயை இறுக மூடுங்கள். வெளியே வந்தபின் மூடினால் ஈரக்காற்றையும் சேர்த்தே அடைப்பீர்கள். கியர் வெளிச்சூட்டுக்கு வரும்வரை பிரிக்காதீர்கள். ஈரம் உறைமேல் படிந்து போய்விடும். துரு தடுப்பு எண்ணெய் பூசுவதானால், அதையும் உள்ளேயே பூசுங்கள். கையுறை கட்டாயம், வியர்வை உப்பும் துருவை வளர்க்கும், பழி மறுபடி உங்கள் கைக்கே வரும்.

அடுத்த ரிப்போர்ட்டில் அந்த ஒற்றைச் சொல்லோடு விடாமல், அறை வெப்பம், வெளி வெப்பம், ஈரப்பதம் மூன்றையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.