அரக்கர் ஆடிய கூத்து

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

அரக்கரைக் காட்டுவதற்குக் கவிகள் கைக்கொள்ளும் வழக்கமான உவமைகள் சில உண்டு. மலையொத்த உடல், பிறைபோல் வளைந்த கோரைப்பல், நெருப்பன்ன செம்மயிர், இடியன்ன குரல் ஆகியவை அவை. கேட்போர் நெஞ்சில் அச்சம் எழுவதே இவற்றின் பயன். திருமங்கையாழ்வாரோ, பெரிய திருமொழி பத்தாம் பத்தின் இரண்டாம், மூன்றாம் திருமொழிகளில் வேறு வழியை மேற்கொண்டருளினார். அங்கே அவர் அரக்கரை வெளியே நின்று வருணிக்கவில்லை. இராவணன் மாண்டபின் இலங்கையில் எஞ்சிய அரக்கராகவே பேசுகிறார். பரகாலநாயகியாகப் பேசிய அதே திருவாக்கு இங்கே தோற்ற அரக்கரின் குரலாகிறது.

பிறரை நடுங்கச் செய்தவர்கள் தாம் நடுங்கும்போது எப்படிப் பேசுவர்? தங்கள் அரசன் செய்த கொடுமையின் பயன் தங்கள்மேல் வந்து விடிந்ததை முதலில் ஒப்புக்கொள்கிறார்கள். பின்பு அவர்கள் விளிக்கும் முறை நோக்கத்தக்கது. முதலில் வானர முதலிகள், அடுத்து இளையபெருமாள், அதற்குப் பின்பே பெருமாள். அடியாரை முன்னிட்டே அவனைப் பற்றவேண்டும் என்னும் முறைமை, யாரும் கற்பியாமலே அரக்கர் வாயில் வந்துவிட்டது. மூன்றாம் திருமொழியிலோ, சுக்ரீவ மஹாராஜரைத் தொழுது, வானரங்கள் தங்களைக் கொல்லாதபடி காக்குமாறு வேண்டுகிறார்கள். மலையன்னவர் குரங்குக்கு அஞ்சுகிறார்கள்!

இவ்வாறு பேசிவரும் ஒவ்வொரு பாசுரமும் 'பொங்கத்தம் பொங்கோ' என்றோ, 'குழமணிதூரம்' என்றோ முடிகிறது. தோற்றவர் வென்றவர்முன் ஆடும் கூத்துகள் இவை என்று பெரியோர் பணிப்பர். பதம் பிரித்துப் பொருள் தேடினால் அகப்படுவது அதிகமில்லை. செவிக்கு அகப்படுவது தாளமே.

பல்லாண்டுகள் வங்கிக் கணக்கோடு பழகிய நமக்கு, பற்று என்றால் எதிரே வரவு இருக்கவேண்டும். சொல் என்றால் அதற்கொரு பொருள் இருக்கவேண்டும். ஆகவே சேவிக்கும்போது அந்த ஈற்றுச் சொல்லை விரைந்து கடப்பதே நம் வழக்கமாயிருந்தது. அது நம் பிழை. உயிருக்கு மன்றாடுகிறவனுக்குச் சொல் தீர்ந்துபோகும். தீர்ந்த இடத்தில் ஒலி மட்டுமே எஞ்சும். குற்றத்தை ஒப்புக்கொண்டு, துதித்து, கெஞ்சியபின், இனித் தம் கையில் ஒன்றுமில்லை என்பதையே அவ்வொலி தெரிவிக்கிறது. ஆகிஞ்சந்யம் என்பது இதுவன்றோ!

இரு திருமொழிகளின் இறுதிப் பாசுரங்களிலும் ஆழ்வார் கலியனாகவே நின்று, நம்மையும் இவற்றைப் பாடி ஆடும்படி பணிக்கிறார். மூன்றாம் திருமொழியில் பாசுரத்தொகையைப் பத்து என்று சொல்லாமல், ஒன்று, ஒன்று, ஐந்து, மூன்று எனப் பிரித்துச் சொல்லி நம்மைக் கூட்டிக்கொள்ளச் செய்கிறார். கணக்கரான நாமும் கூட்டிப் பார்த்தோம், கணக்கு நேராயிற்று. ஆட்டத்தில் சேர்ந்தவருக்கு எண்ணிக்கையும் விளையாட்டாகிறது.

ஸ்ரீவிபீஷணாழ்வானை ஏற்பது பற்றிக் கடற்கரையில் ஆராய்ந்தபோது, வந்தவன் இராவணனேயாயினும் அழைத்து வருக என்றவர் பெருமாள். அவர் திருமுன்பு அரக்கர் கூத்துக்கு இடமுண்டாகில், பொருள் முற்றும் அறியாது நாத்தடுமாறிச் சேவிக்கும் நமக்கும், தமிழெழுத்து அறியாமல் செவிவழியே கற்கும் அயல்நாட்டுக் குழந்தைகளுக்கும் இடமுண்டு. இனி அந்த ஈற்றுச் சொல்லை விரைந்து கடவாமல், நின்று சேவிப்போமாக.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.