வீழ்ந்த விமானத்தை மீண்டும் பறக்கவிடுமுன்

வானொலி அலைகளால் இயக்கப்படும் மாதிரி விமானம் தரையில் மோதினால், முறிந்த சிறகையே கண் முதலில் நாடும். ஆனால் கண்ணுக்குப் புலனாகாத சேதமே பெரிது. ஆகவே நான் முதலில் மின்கலத்தைக் கழற்றுவேன். அடிபட்ட லித்தியம் பாலிமர் மின்கலம் நேரம் கழித்தும் தீப்பற்றக்கூடும். அதனைத் திறந்தவெளியில் தனியே வைப்பேன். உப்பியிருப்பின் மீண்டும் மின்னேற்றேன்.

பின்னர் பால்சா மரச் சட்டத்தை மெல்ல வளைத்துப் பார்ப்பேன்; உறைக்குள் மறைந்த விரிசல் கிரீச்சென்று தன்னைக் காட்டிக்கொடுக்கும். அதனை எப்பாக்ஸிப் பசையால் ஒட்டலாம். விரிசலுற்ற சுழல்விசிறியை மட்டும் ஒட்டலாகாது. சுழலும் வேகத்தில் துண்டு தெறித்துக் கண்ணைப் பறித்துவிடும். புதியதே பொருத்த வேண்டும்.

ஒட்டிய பசையும் எடையே. ஆதலின் ஈர்ப்பு மையத்தைச் சரிபார்த்து, சுக்கான்கள் உரிய திசையில் அசைகின்றனவா எனக் கண்டு, டிரான்ஸ்மிட்டரின் திறனைக் குறைத்து 30 தப்படி தொலைவிலிருந்து இயக்கிப் பார்ப்பேன். அதன்பின் பறக்கவிடுவதே கீழே நிற்பவர்க்குப் பாதுகாப்பு.