ஈகையும் ஒப்புரவும்: தோர்ணக்கல் திருச்சபையின் ஊர்ப்பணி

திருவள்ளுவர் ‘ஒப்புரவறிதல்’ என்பதை 22-ஆம் அதிகாரமாகவும் ‘ஈகை’ என்பதை 23-ஆம் அதிகாரமாகவும் அமைத்தார். இரண்டும் பிறர்க்கு உதவுவதைப் பற்றியனவே. அங்ஙனமாயின் இரண்டு அதிகாரங்கள் எதற்கு என்னும் ஐயம் எழும். ஈகை என்பது இல்லாதவர்க்கு இருப்பவர் கொடுப்பது. அதில் கொடுக்கும் கை மேலாகவும் வாங்கும் கை கீழாகவும் இருக்கும். ஒப்புரவு என்பது ஊரோடு ஒருவராய் நின்று, எல்லாரையும் தம்மவர் என உணர்ந்து செய்வது. அங்கே மேலும் இல்லை; கீழும் இல்லை. தொண்டு செய்யப் புறப்படும் எந்த அமைப்பும், அது திருக்கோயிலாயினும் மாணவர் மன்றமாயினும், தன் வழி இவ்விரண்டில் எது என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ஒரு திருச்சபையின் வரலாற்றைக் கொண்டு அக்கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விடுமுறைக்கு நாம் தில்லியிலிருந்து சென்னைக்குச் செல்லும் இருப்புப்பாதையில், வாரங்கலுக்கும் கம்மத்துக்கும் இடையே தோர்ணக்கல் என்னும் சந்திப்பு நிலையம் உண்டு. பல விரைவு வண்டிகள் அங்கே நில்லாமலே கடந்துவிடும். இன்று தெலங்கானாவில் உள்ள அவ்வூர், அன்று நிசாமின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அதன் பெயரை உலகத் திருச்சபை வரலாற்றில் பொறித்தவர் ஒரு தமிழர்.

அசரியா

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-ஆம் ஆண்டு, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து வெள்ளாளன்விளையில் பிறந்தார். தந்தையார் கிராமக் குருவானவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றபின், அசரியா ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் செயலாளராகப் பல்லாண்டுகள் பணியாற்றினார். 1902-இல் யாழ்ப்பாணம் சென்றார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாமே பொருள் திரட்டி, தம்மவரையே ஊழியராக வெளியிடங்களுக்கு அனுப்பி வந்தனர். அதைக் கண்ட அசரியா, நம் நாட்டில் ஏன் இது நடக்கவில்லை என்று எண்ணினார். அவ்வெண்ணத்தின் பயனாக 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. ஆள் இந்தியர், பொருள் இந்தியருடையது, நிருவாகமும் இந்தியர் கையில் என்பதே அச்சங்கத்தின் கொள்கை. அது தேர்ந்துகொண்ட களம் தோர்ணக்கல். 1909-இல் அசரியாவே குருப்பட்டம் பெற்று அங்குச் சென்றார்.

மறு ஆண்டு, ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கூடிய அவையில் ஆசியர் மிகச் சிலரே. அங்கே அசரியா துணிந்து பேசினார். மேனாட்டு ஊழியரின் தியாகத்தை அவர் மறுக்கவில்லை. அவர்கள் செலவிட்ட பொருளையும் குறைகூறவில்லை. எல்லாம் தந்தீர்கள், நட்பை மட்டும் தரவில்லை என்பதே அவர் உரையின் சாரம். அவையில் பலர் முகம் சுளித்தனர். ஆனால் அன்று அவர் கேட்டது ஈகையை அன்று, ஒப்புரவையே.

1912 டிசம்பர் 29-ஆம் நாள், கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அவர் தோர்ணக்கலின் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவி ஏற்ற முதல் இந்தியர் அவரே. இப்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. ஆங்கிலேயரிடம் நட்பைக் கேட்டவர், தாம் தலைவரானபின் தெலுங்கு நாட்டு ஏழைகளுக்கு அந்நட்பைத் தந்தாரா?

ஊர் ஆசிரியர்

அங்குத் திருச்சபையில் சேர்ந்தோருள் மிகப் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்னும் இரு சமூகத்தார். இருவரும் தீண்டாமைக்கு ஆளானவர். பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். ஊருக்கு வெளியே தனித்தனிச் சேரிகளில் வாழ்ந்த அவ்விரு சமூகத்தாரும் தம்முள் உடனுண்பதும் இல்லை.

அசரியா முப்பது வயதுக்கு மேல் தெலுங்கு கற்றார். மாட்டுவண்டியிலும் மிதிவண்டியிலும் ஊர் ஊராகச் சுற்றினார். அவர் மனைவியார் அன்பு மாரியம்மாளும் உடன் சென்று பெண்களிடையே பணியாற்றினார். ஆயினும் அத்தியட்சர் ஆண்டுக்கு ஒருமுறை வந்து போவதால் ஊர் மாறிவிடாது. மாற்றத்தைச் செய்தவர் ஊர் ஆசிரியரே. சேரியிலேயே குடியிருப்பார், சிறுவர்க்கு எழுத்துச் சொல்லித் தருவார். பகலில் மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கும் கூலி வேலைக்குப் போகும் இளைஞர்க்கும் இரவுப் பள்ளி. வேலை முடிந்து மக்கள் திரும்பியதும் மாலை ஜெபம். வழக்கு நேர்ந்தால் ஊர்ப் பெரியோர் கூடிய பஞ்சாயத்து. கள்ளை விடுதல், செத்த மாட்டிறைச்சியை விடுதல், குடிசையைத் தூய்மையாக வைத்தல் ஆகிய யாவும் அப்பாடத்தில் அடங்கும்.

இவ்வாசிரியர்கள் பெரும் படிப்பாளிகள் அல்லர். பலர் அதே சேரிகளில் பிறந்து சில ஆண்டுகள் பயிற்சி பெற்றவர்கள். குறைந்த படிப்பினர் எப்படிப் பிறரை உயர்த்துவர் என்று நாம் கேட்கலாம். உயர்வு என்பது தன்னைப் போன்ற ஒருவனால் அடையப்பட்டதைக் கண்ணாரக் கண்டபோதுதான் தனக்கும் அது கூடும் என்னும் நம்பிக்கை பிறக்கும் என்பது என் விடை. 1912-இல் அம்மறைமாவட்டத்தில் இந்தியக் குருமார் அறுவரே இருந்தனர். அசரியா 1945 ஜனவரி 1-இல் மறையும்போது அத்தொகை நூற்றுக்கு மேல் உயர்ந்திருந்தது. மருந்தகங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் அச்சகமும் அங்குத் தோன்றியிருந்தன.

பிடியரிசி

அசரியா வற்புறுத்திய மற்றொன்று, ஏழையும் கொடுக்க வேண்டும் என்பது. இதற்கெனவே அவர் ஒரு நூலும் எழுதினார். தென்னாட்டுச் சபைகளில் பிடியரிசி வழக்கம் உண்டு. உலை வைக்கும்போது இல்லத்தரசி ஒரு பிடி அரிசியைத் தனிக் கலத்தில் எடுத்து வைப்பாள். அது கோயிலுக்குச் சேரும். அறுவடைப் பண்டிகையில் நெல்லும் கோழியும் காய்கறியும் காணிக்கையாக வந்து குவியும்.

கூலிக்காரனிடம் அரிசி வாங்குவது கொடுமையல்லவா என்று சிலர் கேட்பர். சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு பிடி 40 கிராம் என்று கொண்டால், 30 நாளில் ஒரு வீட்டில் 1,200 கிராம் சேரும். 50 வீடுகள் உள்ள ஊரில் திங்கள்தோறும் 60 கிலோ அரிசி. ஓர் ஆசிரியர் குடும்பம் உண்ண அது போதும். அயலூரார் அனுப்பும் பணம் நின்றாலும் அவ்வூர்ப் பள்ளி நிற்காது. இதனினும் பெரிய பயன் ஒன்றுண்டு. வாங்குவதற்கென்றே பிறந்தவர் என எண்ணப்பட்டவர், அன்றுமுதல் கொடுப்பவர் ஆகிவிடுகின்றார். ஆசிரியர் அவருடைய ஆசிரியர். பள்ளி அவருடைய பள்ளி. ஈகை ஒப்புரவாக மாறும் இடம் அந்த ஒரு பிடியே என்பேன்.

இரண்டு தடைகள்

இப்பணியை ஆராய்வோர் இரண்டு தடைகளை எழுப்புவர். அவற்றை மறைத்தல் நேர்மையாகாது.

முதலாவது, தொண்டு என்பது மதமாற்றத்துக்கு இட்ட தூண்டில் அல்லவா என்பது. 1930-களில் காந்தியடிகளே சேரி மக்களிடையே நிகழ்ந்த மதமாற்றங்களைக் கடுமையாகக் கண்டித்தார். தம் சமயத்தைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமையும் அறிவும் ஏழைக்கும் உண்டு என்பது அசரியாவின் நிலை. அதே அசரியா, கிறிஸ்தவர்க்குத் தனித்தொகுதி வேண்டா என்றும் வாதிட்டார். தலையெண்ணிக்கையால் அரசியல் ஆதாயம் தேடுவது அவர் கருத்தன்று என்பதற்கு இதுவே சான்று. எனினும் காந்தியடிகளின் எச்சரிக்கையைத் தள்ளிவிட முடியாது. நம்பாதவனுக்கும் அதே பள்ளியும் அதே மருந்தும் கிடைக்கின்றனவா என்பதே உரைகல். எந்தத் தொண்டும் அதில் உரைத்துப் பார்க்கப்பட வேண்டும்.

இரண்டாவது, சாதி ஒழிந்ததா என்பது. மாலாவும் மாதிகாவும் ஒரே பந்தியில் நற்கருணை பெற வேண்டும் என்று அசரியா உறுதியாக நின்றார். ஆனால் கோயிலுக்குள் கலந்தவர்கள் வெளியே வந்ததும் பிரிந்தனர். மணவுறவில் பழைய வேலி நெடுங்காலம் நீடித்தது. ஒரு தலைமுறைத் தொண்டால் பல நூற்றாண்டுத் தீமை அழிந்துவிடாது என்பதையும் தோர்ணக்கல் கற்பிக்கின்றது.

1939-இல் அர்ச்சிக்கப்பட்ட அவ்வூர்ப் பேராலயத்தில், இந்துக் கோயில்களை நினைவூட்டும் தூண்களும் பள்ளிவாசல்களை நினைவூட்டும் குவிமாடங்களும் சிலுவையோடு சேர்ந்து நிற்கின்றன. அயலாரின் கலையையும் தம்முடையதாகக் கொள்ளும் நெஞ்சம் அக்கட்டடத்தில் புலப்படுகின்றது. 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, தோர்ணக்கலும் அதன் ஒரு மறைமாவட்டமாயிற்று. அவ்வொற்றுமைக்கு 1919-இல் தரங்கம்பாடி மாநாட்டிலேயே வழி வகுத்தவருள் அசரியா முதன்மையானவர். அதைக் காண அவர் உயிரோடு இல்லை.

நமக்குரிய பாடம்

நண்பர்களே, நாமும் பிற மொழியார் நடுவே வாழ்கின்றோம். விடுமுறை நாளில் குடிசைப் பகுதிக்குச் சென்று பாடம் சொல்லவும் துணி வழங்கவும் நம்மில் பலர்க்கு ஆர்வம் உண்டு. அது போற்றத்தக்கதே. ஆயினும் புறப்படுமுன் மூன்று கேள்விகளை நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். அவர்கள் மொழியை நாம் கற்றோமா? நாளை நாம் பட்டம் பெற்றுப் போனபின் அப்பணியைத் தொடர அவ்விடத்திலேயே ஒருவரைப் பயிற்றினோமா? அவர்கள் நமக்குத் தருவதைப் பெற்றுக்கொள்ளும் பணிவு நம்மிடம் உண்டா?

மூன்றாவதே மிகக் கடினமானது. கொடுப்பதற்குப் பொருள் இருந்தால் போதும். பெற்றுக்கொள்வதற்கு உள்ளம் வேண்டும். ஏழையின் வீட்டில் ஒரு குவளைத் தேநீரை மறுத்துவிட்டு, அவன் பிள்ளைக்கு நூறு ஏடுகளைக் கொடுப்பவன் ஈகையாளனாகலாம், நண்பனாக மாட்டான்.