அம்மாவை எங்கே அடக்கம் செய்வது?



சாவைப் பற்றி முன்கூட்டியே பேச நமக்கு மனசு வருவதில்லை. ஆனால் துக்க வேளையில் தெரியாமல் செய்துவிடும் ஒரு காரியம் பிறகு குடும்பத்தையே அலைய வைத்துவிடும். ஆகவே இந்த மாதம் இதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

ஒரு மகன் தோட்டத் தலைவரிடம் இப்படிக் கேட்கிறான் என்று வைத்துக்கொள்வோம்:

"தலைவரே, அம்மாவ நம்ம ஏழு பேர்ச்சிலேயே அடக்கம் பண்ணிக்கிறேன். இடம் நமக்குக் குடுத்ததுதானே? சுடுகாட்டுல பத்தையும் பொதருமா கெடக்கு. நாளைக்கு எங்க பொதைச்சோம்னே தெரியாது."

"தம்பி, ஒன் மனசு எனக்குப் புரியுது. கொஞ்சம் உக்காரு, பேசுவோம்."

தலைவர் சொன்ன விஷயங்களை நாமும் கேட்போம்.

1. நிலம் யாருடையது?

1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளுக்குக் கைமாறியது. கம்பனிகளிடம் இருப்பது குத்தகை; நிலம் அரசாங்கத்தினுடையது. ஆகவே தேயிலை மலையிலோ லயத்துக் கோடியிலோ நாமாகக் குழி வெட்ட முடியாது. தனிவீடு கிடைத்தவர்களும் உறுதிப் பத்திரம் கையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீடு கிடைத்தும் உறுதி கிடைக்காத குடும்பங்கள் பல.

2. உறுதி இருந்தால் போதுமா?

போதாது. மயானங்கள், அடக்கம் பற்றிய சட்டம் நம் நாட்டில் 1899ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. சொந்தக் காணி என்பதற்காக நினைத்த இடத்தில் அடக்கம் செய்ய முடியாது, அனுமதி வேண்டும். பிரதேச செயலகத்திலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் (பீ.எச்.ஐ.) கேட்காமல் மண்வெட்டியைத் தொடாதீர்கள்.

3. ஏழு பேர்ச்சில் எவ்வளவு இடம்?

ஒரு பேர்ச் 272 சதுர அடி. ஏழு பேர்ச் என்றால் ஏறக்குறைய 1,900 சதுர அடி. அதில் வீடு, மலசலகூடக் குழி, கான், பாதை எல்லாம் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். நாளை மகன் ஓர் அறை சேர்த்துக் கட்ட நினைத்தால் எங்கே கட்டுவான்? நம்முடையது மலைநாடு. மேலே வெட்டும் குழிக்குக் கீழேதான் அடுத்த வீட்டாரின் பீலித் தண்ணீர் வரும். சரிவில் மண்ணைக் கிண்டினால் அடைமழையில் மண் இறங்கும்.

4. குழிக்கு முன்னே கடதாசி!

வீட்டில் உயிர் பிரிந்தால் முதலில் தோட்ட ஆபீசுக்கும் தோட்ட வைத்திய உதவியாளருக்கும் சொல்லுங்கள். தோட்டத்தில் நடந்த மரணத்தைப் பதிவு செய்யத் துரையின் அறிக்கை வேண்டும். ஆஸ்பத்திரியில் என்றால் அங்கேயே மரண அறிக்கை கொடுப்பார்கள். குளவி கொட்டியோ, மரம் விழுந்தோ, தூக்கிலோ, திடீரென்றோ மரணம் என்றால் திடீர் மரண விசாரணை அதிகாரி பார்த்த பிறகே அடக்கம். அதை மறைத்துப் புதைத்தால், நீதவான் உத்தரவில் குழியைத் தோண்டி எடுக்கும் நிலைமை வரலாம். பெற்ற தாய்க்கு அந்தக் கதி வரவேண்டுமா?

மரணத்தை மூன்று மாதத்துக்குள் பதிவாளரிடம் பதிந்துவிடுங்கள். பிந்தினால் காலம் கடந்த பதிவு என்று அலைச்சல் கூடும். மரணச் சான்றிதழ் இல்லாமல் இறந்தவரின் ஈ.பி.எப்., ஈ.டி.எப்., சேவைக்காலப் பணம் எதையும் சுலபத்தில் எடுக்க முடியாது. முப்பது வருசம் கூடை சுமந்து சேர்த்த காசு அது. பெயரும் பிறந்த திகதியும் அடையாள அட்டையில் உள்ளபடியே பதியப்பட்டதா என்று கையெழுத்து வைக்குமுன் வாசித்துப் பாருங்கள். ஓர் எழுத்துப் பிழை பல மாத அலைச்சல்.

இவ்வளவையும் கேட்ட மகன் சொன்னான்: "சரிங்க தலைவரே. ஆனா அந்தச் சுடுகாடு?"

நியாயமான கேள்வி! அவனுக்கு வேண்டியது காணியில் ஒரு குழி அல்ல, அம்மாவின் இடம் அழியாமல் இருக்க வேண்டும் என்பதே. இந்த மலையில் தேயிலை நட்ட நம் பாட்டன் பாட்டிமார் எங்கே கிடக்கிறார்கள் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு கல்லும் இல்லை, ஒரு பேரும் இல்லை. இனியாவது அப்படி ஆகவேண்டாம்.

மாதம் ஒரு ஞாயிறு சிரமதானம் வைத்துப் பற்றையை வெட்டுவோம். யார் எங்கே அடங்கியிருக்கிறார் என்று கோயில் கமிட்டியோ மரண உதவிச் சங்கமோ ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். சுடுகாட்டு எல்லையை நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்போம். பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்பட்ட பின், தோட்டங்களிலும் வேலை செய்யச் சபைக்கு வழி திறந்திருக்கிறது. பாதைக்கும் வேலிக்கும் உங்கள் உறுப்பினரிடம் மனுக் கொடுங்கள்.

கலந்து பேசுவோம்:

• நமது தோட்டத்துச் சுடுகாட்டின் எல்லை யாருக்குத் தெரியும்?
• வீட்டிலுள்ள பெரியவர்களின் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஈ.பி.எப். இலக்கம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறதா?
• ஈ.பி.எப். படிவத்தில் யாரைப் பின்னுரித்தாளியாகப் போட்டிருக்கிறார்கள்?

இன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.