நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து பார்க்க...

அலுவல் முடிந்து நாம் இல்லம் திரும்புமுன் நடந்தேறிவிடும் கச்சேரியையும் கிரிக்கெட் ஆட்டத்தையும் இரவில் சாவகாசமாகப் பார்த்து ரசிக்க விரும்புவோர்க்கு, பதிவு வசதியுள்ள செட்டாப் பாக்ஸ் ஒரு வரப்பிரசாதம். அதனை உபயோகிக்குமுன் கவனிக்க வேண்டியவை சில:

• தனியாக ஹார்ட் டிஸ்க் இணைக்கும் வகையானால், பெட்டி அதனைத் தன் உபயோகத்திற்கேற்பத் தயார் செய்யும்போது அதிலுள்ளவை யாவும் அழிந்துபோகக்கூடுமாதலால், கல்யாணப் படங்கள் சேமித்து வைத்த டிஸ்க்கை மறந்தும் செருகாமல், புதியதொன்றையே வாங்கி இணைப்பது உத்தமம்.

• விநாடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் வரும் எச்.டி. ஒளிபரப்பு, மணிக்கு 3.6 ஜி.பி. இடத்தை நிரப்பும்; 500 ஜி.பி. டிஸ்க்கில் சுமார் 139 மணி நேரப் பதிவே கொள்ளுமாகையால், பார்த்து முடித்தவற்றை அவ்வப்போது நீக்கிவிடுங்கள்.

• நேரடி ஒளிபரப்புகள் குறித்த நேரத்தில் முடிவது அபூர்வமாதலால், முன்னால் 5 நிமிஷமும் பின்னால் 30 நிமிஷமும் சேர்த்தே நேரத்தைக் குறியுங்கள்.

• டி.வி.யை அணைத்துவிடலாம், ஆனால் பெட்டியை ரிமோட்டினால் ஸ்டாண்ட்பையில் வைக்கலாமேயன்றி, சுவர் சுவிட்சை அணைக்கலாகாது. மின்சாரம் நின்றால் பதிவும் நின்றுவிடுமாகையால், பெட்டிக்கு இன்வெர்ட்டர் இணைப்பு அவசியம்.

• உஷ்ணம் வெளியேற இடமின்றிப் போகுமாதலால், பெட்டியின்மீது துணியோ புத்தகமோ வைக்காதீர்கள்.

இவ்விதம் பதிவானவை பெரும்பாலும் அதே பெட்டியில் மட்டுமே ஓடும். ஆகையால், பெட்டியை மாற்ற உத்தேசித்தால், சேர்த்து வைத்தவற்றை முன்னதாகவே பார்த்து முடித்துவிடுங்கள்.