ஹெட் கேஸ்கட் மீண்டும் மீண்டும் போவதேன்?

நமது சங்கங்கள் சிலவற்றிலும், அங்கத்தினர் சிலருடைய இல்லங்களிலும் பழைய அம்பாஸிடர் கார் இன்னும் உழைத்து வருகின்றது. உத்தரபாராத் தொழிற்சாலையில் அதன் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. ஆயினும் நூல் கட்டுகளை ஏற்றிவரவும், துணி மூட்டைகளைக் கொண்டு சேர்க்கவும் அது பயன்படும்வரை அதைப் பேணுவது சிக்கனமேயாகும். அத்தகைய கார்களில் காணும் கோளாறுகளுள் ஒன்று ஹெட் கேஸ்கட் கசிவு. பல ஆண்டுகள் ஓடிய எஞ்சினில் ஒருமுறை இது நேர்வது இயல்பு. புதிய கேஸ்கட் போட்ட சில மாதங்களுக்குள் மறுபடியும் நேர்வது இயல்பன்று. அவ்வாறு திரும்ப வரும் கசிவின் காரணத்தைக் கண்டு களையும் முறையை இப்பாடத்தில் கவனிப்போம். நீரால் குளிரும் எண்ணெய் எஞ்சின் பம்பு வைத்திருக்கும் விவசாய அங்கத்தினர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

கேஸ்கட்டின் வேலை

1959 முதல் நெடுங்காலம் அம்பாஸிடரில் பொருத்தப்பட்ட 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினையே உதாரணமாகக் கொள்வோம். அதில் நான்கு ஸிலிண்டர்களைக் கொண்ட பிளாக் கீழேயும், வால்வுகளைக் கொண்ட ஹெட் மேலேயும் உள்ளன. இரண்டும் வார்ப்பிரும்பு. இவற்றிடையே கிடக்கும் மெல்லிய தகடே கேஸ்கட். ஸிலிண்டரில் எரியும் வாயு, குளிர்விக்கும் நீர், மேலே ஏறும் எண்ணெய் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலவாமல் காப்பது அதன் கடமை. அது தன் பலத்தினால் இதைச் செய்வதில்லை. 11 ஸ்டட்டுகளும் அவற்றின் நட்டுகளும் ஹெட்டைக் கீழே அழுத்தும் அழுத்தத்தினால்தான் செய்கிறது. அவ்வழுத்தம் எங்கும் சமமாக இருத்தல் வேண்டும். பாவு ஓரிடத்தில் இறுகியும் ஓரிடத்தில் தொய்ந்தும் இருந்தால், எவ்வளவு உயர்ந்த நூலாயினும் துணி கெடும் என்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கேஸ்கட்டின் நிலையும் அதுவே.

நோயின் குறிகள்

வெளியில் ஒழுக்கு எதுவும் தெரியாமலே ரேடியேட்டரில் நீர் குறைவது, எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டரில் இடைவிடாது குமிழிகள் எழுவது, எஞ்சின் சூடேறிய பின்னும் புகைக்குழாயில் வெண்புகை நில்லாதிருப்பது, எண்ணெய் பால்போல் வெளுப்பது, அடுத்தடுத்த இரண்டு ஸிலிண்டர்களில் மட்டும் அழுத்தம் குறைவது ஆகியவை முக்கியமான குறிகள். எண்ணெய் ஊற்றும் மூடியில் மட்டும் சிறிது வெண்ணுரை படிந்திருந்தால் அதுவே சான்றாகாது. குறைந்த தூரமே ஓடும் வண்டியில் அது ஈரத்தினாலும் வரும். ரேடியேட்டரில் எரிந்த வாயு கலந்தால் நீல நிறத்திலிருந்து மஞ்சளாக மாறும் சோதனைத் திரவம் இப்பொழுது கிடைக்கின்றது. ஹெட்டைக் கழற்றுமுன் அதனால் சோதிப்பது நலம். சூடான ரேடியேட்டரின் மூடியை எக்காரணம் கொண்டும் திறத்தலாகாது.

ஒரு சங்கத்தின் அனுபவம்

நெசவாளர் சங்கம் ஒன்றில் நாம் கணக்குகளைப் பார்வையிட்டபோது, ஒன்றரை ஆண்டுக்குள் மூன்று ஹெட் கேஸ்கட்டுகளுக்கு வவுச்சர்கள் இருந்தன. கேஸ்கட் விலையும் கூலியும் மூன்று முறையும் எழுதப்பட்டிருந்தன. ஆனால் ஹெட்டை மட்டம் பார்த்ததற்கோ, ரேடியேட்டரைச் சுத்தம் செய்ததற்கோ ஒரு ரசீதும் இல்லை. டிரைவர் நீரில்லாமல் வண்டியை ஓட்டியதே காரணம் என்று நிர்வாகக் குழு கருதி, மூன்றாவது செலவை அவர் சம்பளத்தில் பிடித்தம் செய்யத் தீர்மானித்திருந்தது. காரை ஏலத்தில் விடும் தீர்மானமும் அடுத்த கூட்டத்திற்கு வர இருந்தது.

கழற்றிய பழைய கேஸ்கட்டுகளில் இரண்டு, சங்கத்தின் கிடங்கிலேயே கிடந்தன. அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தபோது, இரண்டும் ஒரே இடத்தில், மூன்றாவது நான்காவது ஸிலிண்டர்களுக்கு நடுவே கருகியிருந்தன. நீரின்மையால் எஞ்சின் கொதித்ததே முழுக் காரணமெனில், ஒவ்வொரு முறையும் அதே இடம் கருகுமா என்ற ஐயம் எழுந்தது. ஹெட்டைக் கழற்றி அவ்விடத்து ஸ்டட்டைச் சோதிக்கச் செய்தோம். பிளாக்கில் அதன் மரை தேய்ந்து இளகியிருந்தது. நட்டை முடுக்கும்போது ஸ்டட்டே சிறிது சிறிதாக மேலே வந்ததால், முடுக்குபவருக்கு இறுகியதுபோல் தோன்றியதேயன்றி, ஹெட்டின்மீது அழுத்தம் விழவில்லை. லேத் பட்டறையில் அந்தத் துளையைச் சற்றுப் பெரிதாகத் துளையிட்டு, எஃகுக் கம்பிச் சுருள் மரை பொருத்தினர். பிளாக்கின் முகமும் மட்டம் செய்யப்பட்டது. நான்காவது கேஸ்கட் நிலைத்தது. பிடித்தம் செய்த தொகை டிரைவருக்குத் திருப்பித் தரப்பட்டது. ஏலத் தீர்மானமும் கைவிடப்பட்டது.

சோதிக்க வேண்டிய வரிசை

முதலாவது, கழற்றிய கேஸ்கட்டை எறியாமல் பார்த்தல். எரிந்த இடம், நீர் அரித்த இடம், அழுத்தத்தின் சுவடு மங்கிய இடம் ஆகியவற்றை அது காட்டும். பழைய செப்புத் தகட்டுக் கேஸ்கட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதன் தூள் நுரையீரலுக்குக் கொடிய தீங்கு தருவது. ஆகவே உலர்ந்த நிலையில் சுரண்டுதலோ காற்றால் ஊதுதலோ கூடாது. நனைத்து எடுத்து, தக்க முகமூடி அணிந்து, துண்டுகளைப் பையில் கட்டி அப்புறப்படுத்துதல் வேண்டும்.

இரண்டாவது, முகங்களின் மட்டம். நேரான எஃகுச் சட்டத்தை நீளவாக்கிலும், குறுக்காகவும், மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். முழு நீளத்தில் 0.1 மில்லிமீட்டர் கேஜ் நுழையுமானால் லேத் பட்டறையில் மட்டம் செய்வதுபற்றி யோசிக்க வேண்டும். எஞ்சினின் கையேட்டில் கண்ட அளவே முடிவானது. பெரும்பாலோர் ஹெட்டை மட்டும் பார்த்துப் பிளாக்கை விட்டுவிடுகின்றனர். ஸ்டட் துளைகளின் வாயில் இரும்பு இழுபட்டுச் சிறு மேடாக எழும்பியிருந்தால், ஹெட்டை எத்தனை முறை தேய்த்தாலும் பயனில்லை.

மூன்றாவது, ஸ்டட்டுகள். மரையில் துரு, நடுவில் மெலிவு, பிளாக்கில் ஆட்டம் ஆகிய எது கண்டாலும் அதை மாற்றவோ மரையைப் புதுப்பிக்கவோ வேண்டும். துளையின் அடியில் எண்ணெயோ நீரோ தேங்கியிருத்தலும் ஆகாது.

நான்காவது, வெடிப்பு. வால்வு உட்காரும் இடங்களின் நடுவே மெல்லிய வெடிப்பு இருந்தால் அதுவும் கேஸ்கட் கசிவைப் போன்றே தோன்றும். ஹெட்டை அழுத்தச் சோதனைக்கு அனுப்பினால் உண்மை தெரியும்.

ஐந்தாவது, சூட்டின் காரணம். ரேடியேட்டர் அடைப்பு, தளர்ந்த ஃபேன் பெல்ட், திறவாத தெர்மோஸ்டாட், வலுவிழந்த ரேடியேட்டர் மூடி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உப்பு மிகுந்த கிணற்று நீரைத் தொடர்ந்து ஊற்றிய எஞ்சினில் உள்ளே காரை படியும். பிளாக்கிலுள்ள வடிகுழாயைத் திறந்தும் நீர் வாராவிடில், அங்கே சேறு அடைத்திருக்கிறது என்று கொள்ளலாம். இதைக் களையாமல் போடும் கேஸ்கட் நீடிக்காது.

பொருத்தும் முறை

கேஸ்கட்டில் மேற்புறம், முன்புறம் என்ற குறிகள் இருப்பின் அவற்றின்படி வைக்க வேண்டும். தயாரிப்பாளர் சொன்னாலன்றிப் பசை தடவுதல் வேண்டா. நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் மாறிமாறி வெளிநோக்கி, கையேட்டில் கண்ட வரிசையில் முடுக்க வேண்டும். ஒரே மூச்சில் முடுக்காமல் மூன்று படிகளாக, டார்க் ஸ்பானர் கொண்டு, கையேட்டில் சொன்ன அளவுக்கே முடுக்குதல் முறை. கைப்பழக்கத்தை நம்புவோர் சிலவற்றை மிகையாகவும் சிலவற்றைக் குறைவாகவும் முடுக்கிவிடுகின்றனர்.

இந்த எஞ்சினுக்குரிய மற்றொரு விஷயமும் உண்டு. ராக்கர் தண்டைத் தாங்கும் கால்களைப் பிடிக்கும் நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் சேர்த்தே பிடிக்கின்றன. எனவே வேறொரு வேலைக்காக ராக்கரைக் கழற்றினாலும் ஹெட்டின் பிடி ஒரு பக்கம் தளரும். அச்சமயத்தில் நீரை வடித்துவிட்டு, எல்லா ஹெட் நட்டுகளையும் வரிசைப்படி சிறிது சிறிதாகத் தளர்த்தி, மீண்டும் வரிசைப்படி முடுக்க வேண்டும். ராக்கர் வேலை பார்த்த சில நாட்களில் கசிவு தொடங்கியிருந்தால், காரணத்தை இங்கே தேடுதல் தகும்.

பழைய மாதிரிக் கேஸ்கட் எனில், சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் எஞ்சின் நன்கு ஆறிய நிலையில் நட்டுகளை மறுபடி சோதித்து முடுக்க வேண்டும். இக்காலத்துக் கேஸ்கட்டுகள் சிலவற்றிற்கு இது வேண்டுவதில்லை; உறையில் கண்டபடி செய்க. முடுக்கியபின் வால்வு இடைவெளி மாறுமாதலால் அதையும் சரிபார்த்தல் அவசியம்.

நிர்வாகக் குழு கவனிக்க வேண்டியவை

எல்லா டைரக்டர்களும் மெக்கானிக்குகளாக வேண்டியதில்லை. பில்லைப் பாஸ் செய்யுமுன் நான்கு வினாக்கள் கேட்டால் போதும். கழற்றிய கேஸ்கட் எங்கே, அது எவ்விடத்தில் கெட்டது? ஹெட், பிளாக் இரண்டின் மட்டமும் பார்த்ததில் கண்ட அளவு என்ன? எல்லா ஸ்டட்டுகளும் சோதிக்கப்பட்டனவா? எஞ்சின் சூடானதற்குக் காரணம் என்ன? இவற்றின் விடைகளைத் தேதியுடனும், வண்டி ஓடிய கிலோமீட்டர் கணக்குடனும் வண்டிப் பதிவேட்டில் எழுதி வைக்குமாறு காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறோம். இரண்டாம் முறை அதே கோளாறு நேர்ந்தால், டிரைவரிடம் விளக்கம் கேட்பதற்கு முன் அப்பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.