முன்னே நடந்தவர்கள்

நுழையும்முன்

விடியற்காலையில் பொம்மசந்திரா தொழிற்பேட்டையின் சாலைகளில் தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கும். இரவுப்பணி முடித்தவர் வெளியேற, காலைப்பணிக்கு வந்தவர் உள்ளே நுழைவர். தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்தவரும் அவர்களுள் பலர். உழைப்போர் தம் நாளின் மூன்றில் ஒரு பங்கைப் பணியிடத்திலேயே கழிக்கின்றனர். அவர்களுடைய நலத்தைப் பேணும் நிறுவனத்தை எவ்வாறு இனங்காண்பது?

கடமையும் பெருமையும்

இந்தியாவில் 1948ஆம் ஆண்டில் தொழிற்சாலைச் சட்டம் இயற்றப்பட்டது. தூய குடிநீர், காற்றோட்டம், கழிப்பறை, முதலுதவிப் பெட்டி ஆகியவை ஒவ்வொரு தொழிற்சாலையிலும் இருத்தல் வேண்டும் என அது வகுத்தது. வாரத்திற்கு 48 மணி நேரமே வேலை என வரம்பிட்டது. இன்றைய தொழிலாளர் சட்டங்களும் அவ்வழியே தொடர்கின்றன.

ஆகவே, தொழிலாளிக்குக் குடிநீரும் ஓய்வும் தருவது முதலாளி காட்டும் இரக்கம் அன்று. அது அவர் கடமை, தொழிலாளியின் உரிமை. சட்டம் கேட்பதற்கு முன்பே நன்மை செய்தவரும், கேட்டதற்கு மேலாகச் செய்பவருமே பாராட்டுக்கு உரியவர்.

சட்டத்திற்கு முன்பே

அத்தகையோருள் ஒருவர் ஜாம்செட்ஜி டாட்டா. அவர் நாகபுரியில் நிறுவிய எம்பிரஸ் ஆலை 1877ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இயங்கத் தொடங்கியது. தொழிலாளர் பலர் ஒழுங்காக வேலைக்கு வரவில்லை. அவர்களைத் தண்டித்துத் திருத்த அவர் முயலவில்லை. வேலைக்கு வரும் விருப்பத்தை உண்டாக்க முயன்றார். ஆலையில் காற்றுக்கு ஈரப்பதம் தரும் கருவிகளையும், தீயணைக்கும் நீர்த்தெளிப்பான்களையும் பொருத்தினார். 1886இல் ஓய்வூதிய நிதியைத் தொடங்கினார். 1895 முதல் விபத்தில் காயமுற்றோர்க்கு இழப்பீடு வழங்கினார்.

அவர் மறைவுக்குப் பின் ஜாம்ஷெட்பூரில் எழுந்த டாட்டா எஃகு ஆலையும் அவ்வழியே நடந்தது. அங்கு 1912இலேயே எட்டு மணி நேர வேலை நடைமுறைக்கு வந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு அதே கொள்கையைத் தன் முதல் உடன்படிக்கையாக ஏற்றது 1919இல்தான்.

ஒப்பிட்டு அறிவோம்

• விபத்து இழப்பீடு: ஆலையில் 1895, சட்டத்தில் 1923
• எட்டு மணி நேர வேலை: ஆலையில் 1912, சட்டத்தில் 1948
• வருங்கால வைப்பு நிதி: ஆலையில் 1920, சட்டத்தில் 1952

இன்று ஊதியச் சீட்டில் 'பி.எஃப்.' எனக் காணப்படும் தொகை இவ்வாறு வளர்ந்து வந்த உரிமையே ஆகும்.

கேட்டுப் பெற்றவை

எல்லா நன்மைகளும் முதலாளிகளின் மனத்திலிருந்து பிறந்தவை அல்ல. சென்னைப் பெரம்பூர்ப் பகுதியின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் உழைத்தோர்க்கு மதிய உணவு இடைவேளை போதவில்லை. அரைகுறையாக உண்டுவிட்டு இயந்திரத்தின் முன் ஓடினர். அவர்களுக்காக 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி. வாடியா அதற்குத் தலைமை தாங்கினார், திரு.வி.க. துணைநின்றார். உணவருந்தப் போதிய நேரம் என்னும் எளிய தேவையைக் கூட, ஒன்றுகூடிக் கேட்கவேண்டிய காலம் அது.

அந்நிலை முற்றும் மறைந்துவிடவில்லை. துணிக்கடைகளில் நாள் முழுதும் நின்றே பணியாற்றிய பெண்கள் போராடியதால், கேரளம் 2018இல் அவர்களின் அமரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021இல் கடைப்பணியாளர் அனைவர்க்கும் இருக்கை தரவேண்டும் எனத் தன் சட்டத்தைத் திருத்தியது. அச்சட்டம் வருவதற்கு முன்பே தம் கடையில் நாற்காலி இட்டவர் எவரோ, அவர் ஜாம்செட்ஜியின் வழியில் நடந்தவரே. பெருந்தொழில் நடத்துவோர்க்கு மட்டுமே உரிய பெருமை அன்று அது.

இனங்காணும் வழி

பணியிடப் பாதுகாப்பில் சிறந்து விளங்கும் நிறுவனங்களுக்கு நடுவண் அரசு 1965 முதல் தேசியப் பாதுகாப்பு விருதுகளை வழங்கி வருகிறது. விருதுகள் ஊக்கம் தருவன. ஆயினும், வரவேற்பறையில் உள்ள கேடயத்தைக் காட்டிலும், பணிமுடித்து வெளிவரும் தொழிலாளியின் சொல்லே உறுதியான சான்று. இடர் நேரும் எனத் தோன்றினால் அவர் அச்சமின்றிக் கூற முடிகிறதா? கூறினால் கேட்பார் உண்டா? "ஆம்" என்னும் விடை வரும் இடமே நலம் பேணும் பணியிடம்.

சொற்பொருள்

இழப்பீடு – நேர்ந்த இழப்புக்கு ஈடாகத் தரும் தொகை
வைப்பு நிதி – பிற்காலத்திற்காகச் சேர்த்துவைக்கும் பணம்
இனங்காணல் – இன்னதென அறிந்துகொள்ளல்
இடர் – துன்பம், ஆபத்து

பயிற்சி

1. ஒப்பீட்டில் உள்ள மூன்று நன்மைகளும் சட்டமாவதற்கு எத்தனை ஆண்டுகள் முன்பே ஆலையில் நடைமுறைக்கு வந்தன? கணக்கிட்டு எழுதுக.
2. 'இரக்கம்', 'உரிமை' – இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.
3. பாடத்திலிருந்து மூன்று வினையாலணையும் பெயர்களை எடுத்தெழுதுக. (எ.கா. நடந்தவர்)
4. வீட்டில் வேலைக்குச் செல்லும் ஒருவரிடம், "உங்கள் பணியிடத்தில் உங்களுக்குப் பிடித்த வசதி எது? இன்னும் வேண்டுவது எது?" எனத் தமிழில் கேட்டு, விடையை ஐந்து தொடர்களில் எழுதுக. நிறுவனத்தின் பெயரை எழுத வேண்டுவதில்லை.